எழுதிய 0.75, அளக்காத குளோரின்: வாக்கர்டன் குடிநீர் நோய்ப்பரவல், மே 2000

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 4,800 பேர் வசித்த ஊர் வாக்கர்டன். 2000 மே மாதத்தில் அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஈ.கோலை ஓ157:எச்7, கேம்பிலோபாக்டர் ஜெஜூனி என்ற இரண்டு கிருமிகள் கலந்தன. 2,300 பேருக்கு மேல் நோயில் படுத்தார்கள். 65 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 27 பேருக்குச் சிறுநீரகத்தை முடக்கும் எச்.யூ.எஸ். கண்டது. ஏழு பேர் இறந்தார்கள். நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, 2002-இல் இரண்டு பகுதிகளாக அறிக்கை தந்தது.

இந்த நிகழ்வைக் குடிநீர்ப் பொறியியல் வகுப்பில் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். சுகாதார வாரியத்தின் மேசையிலிருந்து பார்த்தால் கேள்வி வேறு. வாரியம் தண்ணீர் இறைப்பதில்லை, குளோரின் போடுவதில்லை. வேறு யாரோ அளந்து எழுதும் எண்ணை வைத்துத்தான் ஊர் நலமாக இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் உண்மையில் ஒரு சோதனைக் குழாய் இருந்ததா என்பதை அது எப்படித் தெரிந்துகொள்வது? அதுதான் இங்கே பார்க்கப்போவது.

வாரியம் பார்க்கும் வேலை

ஒன்டாரியோவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சட்டப்படி ஒரு சுகாதார வாரியமும் அதற்கு ஒரு மருத்துவ அதிகாரியும் உண்டு. வாக்கர்டன், புரூஸ்-கிரே-ஓவன் சவுண்ட் சுகாதாரப் பிரிவின் கீழ் வந்தது. தலைமையகம் ஓவன் சவுண்ட் நகரில். வாக்கர்டனில் ஒரு கிளை அலுவலகம். மருத்துவ அதிகாரி மரே மெக்விக்.

சுகாதார ஆய்வாளரின் நாள் எங்கும் ஒரே மாதிரிதான்: உணவகச் சமையலறையில் சூடான பண்டம் 60 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று வெப்பமானி குத்திப் பார்ப்பது, நீச்சல் குளம், நாய்க்கடிப் புகார், கழிவுநீர்த் தொட்டி, தனியார் கிணற்று மாதிரி, தொற்றுநோய் அறிவிப்புப் படிவம். ஊர்க் குடிநீரை மேற்பார்க்கும் முதல் பொறுப்பு மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது. தண்ணீரை இறைத்து அனுப்பியது ஊரின் பொதுப் பயன்பாட்டு ஆணையம். வாரியத்துக்கு வந்தது காகிதம் மட்டும்: கெட்ட மாதிரி வந்தால் அறிக்கை, அமைச்சகம் ஆய்வு செய்தால் அதன் நகல். ஆனால் 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று ஊருக்குச் சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் வாரியத்திடம் இருந்தன. தகவல் ஓரிடத்தில், அதிகாரம் வேறிடத்தில். இந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது.

5-ஆம் எண் கிணறு

ஊருக்கு மூன்று கிணறுகள்: 5, 6, 7. 6-ம் 7-ம் 70 மீட்டருக்கு மேல் ஆழமானவை. 1978-இல் தோண்டிய 5-ஆம் எண் கிணற்றின் ஆழம் 15 மீட்டர்தான். மேல்தண்ணீரைத் தடுக்கும் கேசிங் குழாய் 5 மீட்டர் வரை மட்டும் இறங்கியிருந்தது. தண்ணீர் ஊறும் பாறைப் பிளவுகள் 5.5 முதல் 7.4 மீட்டருக்குள். மேலே மண் படலம் மெல்லியது, கீழே வெடிப்பு விட்ட சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் மேல்தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமலே உள்ளே இறங்கும். நிலத்தடி நீர் என்று பெயர், நடத்தை என்னவோ ஓடைத் தண்ணீர்.

கிணறு வெட்டிய நாளிலேயே இது தெரிந்திருந்தது. சுற்றியுள்ள நிலத்தை வாங்கிக் காபந்து செய்யலாம் என்ற யோசனையும் வந்தது, நிறைவேறவில்லை. 1994-இல் மாகாண வழிகாட்டுதல் திருத்தப்பட்டு, மேல்தண்ணீர் கலக்கக்கூடிய கிணறுகளுக்குக் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி தேவை என்று ஆயிற்று. ஆனால் பழைய கிணறுகளைத் தேடிப் பிடித்து மறுவகைப்படுத்தும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கருவிகள் 5-ஆம் எண் கிணற்றில் இருந்திருந்தால் இந்த நோய்ப்பரவலே நடந்திருக்காது என்று ஓகானர் சுற்றிவளைக்காமல் எழுதினார்.

அருகில் ஒரு கால்நடைப் பண்ணை. ஏப்ரல் கடைசியில் வயலில் சாண உரம் போட்டிருந்தார்கள். பண்ணைக்காரர் முறைப்படிதான் செய்திருந்தார், அவர் மேல் குற்றமில்லை என்று ஆணையம் தெளிவாகச் சொன்னது. மே 8 முதல் 12 வரை 134 மி.மீ. மழை, அதில் 12-ஆம் தேதி மட்டும் 70 மி.மீ. அன்றோ அதையடுத்தோ கிருமி 5-ஆம் எண் கிணற்றுக்குள் இறங்கியது. மே 9 முதல் 15 வரை ஊருக்கு முக்கியமாகத் தண்ணீர் தந்ததும் அந்தக் கிணறுதான். பண்ணை மாடுகளிடம் கிடைத்த கிருமியின் வகையும் நோயாளிகளிடம் கிடைத்ததும் பிறகு நடந்த மரபணுச் சோதனையில் பொருந்தின.

குளோரின் கணக்கு

போடும் குளோரின் வேறு, எஞ்சும் குளோரின் வேறு. தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருள், இரும்பு, அமோனியா, கிருமி எல்லாம் முதலில் தங்கள் பங்கைத் தின்றுவிடும். சம்பளத்தில் கடன் போகக் கையில் நிற்பதைப் போல, மீதிதான் எஞ்சிய குளோரின். லிட்டருக்கு 1 மி.கி. போட்டு 0.5 தின்னப்பட்டால் 0.5 நிற்கும். மழைக்குப் பிறகு அதே தண்ணீர் 2 மி.கி. தின்னக் கூடியதாகிவிட்டால், அதே 1 மி.கி. போட்டாலும் எஞ்சுவது பூஜ்யம். பம்பும் குளோரினை ஊற்றும் டோசரும் ஒழுங்காக ஓடும், கேனில் மருந்தும் குறையும், ஆனால் குழாயில் போவது காப்பில்லாத தண்ணீர். எஞ்சியதை அளந்தால் தவிர இது கண்ணுக்குத் தெரியாது.

ஒன்டாரியோ விதி: 15 நிமிடத் தொடர்பு நேரத்துக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மி.கி. எஞ்ச வேண்டும். அந்த அளவு நின்றிருந்தால் இரண்டு கிருமிகளிலும் 99 சதவீதத்துக்கு மேல் செத்திருக்கும். இவை குளோரினுக்கு எளிதில் அடங்கும் கிருமிகள். எஞ்சிய குளோரின் விழுந்ததை அன்றே பார்த்துக் கிணற்றை நிறுத்தியிருந்தால் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும் என்பது ஆணையத்தின் முடிவு.

அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். குழாய் முகப்பில் வலை இருந்தால் கழற்றி, தண்ணீரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். சோதனைக் குழாயை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, 10 மி.லி. கோடு வரை பிடிக்க வேண்டும். டி.பி.டி. ஒன்றாம் எண் மாத்திரையை விரல் படாமல் உறையிலிருந்தே தட்டிப் போட்டு, நசுக்கிக் கலக்கி, ஒரு நிமிடத்துக்குள் நிறத்தட்டோடு ஒப்பிட வேண்டும். இளஞ்சிவப்பு எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு குளோரின். தாமதித்தால் நிறம் ஏறி, இல்லாத குளோரின் இருப்பதாகக் காட்டும். முந்தைய சோதனையின் கறை படிந்த கண்ணாடியும் அப்படியே. அளவுக்கு மீறிக் குளோரின் இருந்தாலோ சிவப்பு வெளுத்துப் பூஜ்யம் போலத் தோன்றும். சந்தேகம் வந்தால் தண்ணீரை நீர்க்கச் செய்து திரும்ப அளக்க வேண்டும்.

தாளில் இருந்தது

வாக்கர்டன் குடிநீர் நிலையத்தின் தினசரிப் பதிவுத் தாள்களில் எஞ்சிய குளோரின் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டே எண்கள்: 0.5, 0.75. அளந்து எழுதியவை அல்ல. மேலாளர் ஸ்டான் கோபெலும் ஃபோர்மேனான அவர் சகோதரர் பிராங்க் கோபெலும் பல ஆண்டுகளாக இப்படியே நடத்தினார்கள். விதி கேட்கும் அளவைவிடக் குறைவாகவே குளோரின் போட்டார்கள். தண்ணீர் குளோரின் வாடை அடிக்கிறது என்று மக்கள் குறை சொன்னதும் அதற்கு ஒரு காரணம். கிணற்றடித் தண்ணீரைச் சுத்திகரிக்காமலே ஊழியர்கள் குடித்தார்கள். அது சுத்தமானது என்று மனதார நம்பினார்கள். மோசடியைவிட இந்த நம்பிக்கைதான் பெரிய ஆபத்து என்பேன். தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டிவிட்டவனுக்கு அளப்பது வெறும் எழுத்து வேலை. இருவருக்கும் இருந்த இயக்குநர் சான்றிதழ் தேர்வு எழுதி வந்ததல்ல, அனுபவத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. மாதிரியை வசதியான ஒரு குழாயில் பிடித்துவிட்டு, புட்டியில் வேறு இடத்தின் பெயரை ஒட்டுவது.

இப்படிப்பட்ட தாளைப் பொய் என்று கண்டுபிடிக்க ஊருக்குப் போகக்கூட வேண்டாம். உண்மையாக அளந்தால் எண் அலையும்: ஒரு நாள் 0.42, மறுநாள் 0.6, மழைக்குப் பிறகு 0.2. மாதம் முழுக்க இரண்டே எண் வந்தால் அதுவே சாட்சி. அடுத்தது, மருந்து வாங்கிய பில். நாளுக்கு 1,000 கன மீட்டர் இறைக்கும் ஒரு நிலையம் லிட்டருக்கு 1.25 மி.கி. போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.25 கிலோ குளோரின் வேண்டும். 12 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் லிட்டருக்கு 120 கிராம் என்றால் நாளுக்கு 10.4 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 312 லிட்டர். பில்லில் 120 லிட்டர்தான் இருந்தால்? 14.4 கிலோ குளோரினை 30,000 கன மீட்டரில் வகுத்தால் லிட்டருக்கு 0.48 மி.கி.தான். போட்டதே அவ்வளவுதான் எனும்போது, எஞ்சியது 0.75 என்று தாள் சொன்னால் அந்தத் தாள் பொய். வெயிலில் கிடந்த கரைசல் வீரியம் இழக்கும் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். சுகாதார அலுவலகத்தில் கால்குலேட்டரோடு உட்காரும் எவரும் மாதம் ஒருமுறை செய்யக்கூடிய வேலை இது.

மே 15 முதல் 19 வரை: மௌனம்

மே 15-இல் பல இடங்களின் மாதிரிகள் தனியார் ஆய்வகத்துக்குப் போயின. 5-ஆம் எண் கிணறு நிறுத்தப்பட்டு 7-ஆம் எண் ஓடத் தொடங்கியது. அதற்கு வாங்கிய புதிய குளோரின் கருவி இன்னும் பொருத்தப்படவில்லை. 19-ஆம் தேதி நண்பகல் கழியும் வரை 7-ஆம் எண் குளோரினே இல்லாமல் ஓடியது.

17-ஆம் தேதி ஆய்வகம் முடிவைச் சொல்லித் தொலைநகலும் அனுப்பியது. நெடுஞ்சாலையில் புதுக் குழாய் பதித்த இடத்து மாதிரிகளில் ஈ.கோலை இருந்தது. '7-ஆம் எண், சுத்திகரித்தது' என்று எழுதியிருந்த புட்டியை வடிகட்டி எண்ணியதில் 100 மி.லி.யில் 200-க்கும் மேல். அந்தப் புட்டி 7-ஆம் எண் கிணற்றில் பிடித்ததே அல்ல, பெரும்பாலும் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் பணிமனைக் குழாயில் பிடித்தது என்று விசாரணை பிறகு முடிவுக்கு வந்தது.

அந்தத் தொலைநகல் மேலாளரைத் தவிர யாருக்கும் போகவில்லை. 1996-இல் அரசு ஆய்வகங்கள் ஊர்களின் வழக்கமான தண்ணீர்ச் சோதனையை நிறுத்தின, வேலை தனியாரிடம் போனது. கெட்ட முடிவை அமைச்சகத்துக்கும் மருத்துவ அதிகாரிக்கும் உடனே சொல்ல வேண்டும் என்பது வழிகாட்டுதலாக இருந்ததே தவிர, தனியார் ஆய்வகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமாக இல்லை. முடிவு வாடிக்கையாளரின் சொத்து என்று ஆய்வகம் கருதியது. பழைய அரசு ஆய்வகம் கையோடு செய்துவந்த ஒரு தொலைபேசி அழைப்பு, கைமாறும்போது யார் கண்ணிலும் படாமல் காணாமல் போயிற்று.

தொலைபேசியில் கேட்ட கேள்வி

18-ஆம் தேதி ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு இரண்டு குழந்தைகள் ஓவன் சவுண்ட் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இருவரும் வாக்கர்டனில் ஒரே பள்ளி. 19-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, குழந்தை மருத்துவர் சுகாதாரப் பிரிவுக்குத் தகவல் தந்தார். பிரிவு பள்ளியை விசாரித்தது, ஏராளமான பிள்ளைகள் வரவில்லை. முதியோர் இல்லத்திலும் வயிற்றுப்போக்கு.

அன்று பிற்பகல் சுகாதார ஆய்வாளர் குடிநீர் மேலாளரிடம் கேட்டார். தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில். சற்று நேரத்தில் மேலதிகாரியும் கேட்டார். அதே பதில். 17-ஆம் தேதி வந்த தொலைநகல் அப்போது மேலாளர் கையில் இருந்தது.

ஈ.கோலை ஓ157-ஐ அந்த நாட்டில் ஹாம்பர்கர் நோய் என்றே பேசுவார்கள். எனவே ஆய்வாளர்களின் முதல் சந்தேகம் உணவின் மேல். தண்ணீரைப் பற்றி நேராகக் கேட்டு நேரான பதிலும் கிடைத்துவிட்டதால் அந்தச் சந்தேகம் பலப்பட்டது. பொய் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க அவர்களுக்குக் காரணம் இல்லை. ஆனாலும் கேள்வியின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். 'தண்ணீர் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்ற ஒரு சொல்லில் ஆள் தப்பிவிடலாம். கடைசி மாதிரி எந்தத் தேதியில், எந்தெந்தக் குழாயில் பிடித்தது, முடிவுத் தாள் வந்துவிட்டதா, இப்போதே தொலைநகலில் அனுப்ப முடியுமா, எந்தக் கிணறு ஓடுகிறது, இந்த வாரத்தில் மாற்றினீர்களா, இன்று காலை எஞ்சிய குளோரின் எத்தனை, யார் அளந்தது: இப்படிக் கேட்டால் பொய் சொல்ல வேண்டியவர் ஏழெட்டுப் பொய் சொல்ல வேண்டும், அதில் ஒன்றைக் காகிதத்திலும் காட்ட வேண்டும். ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி நேரே பேசுவது இன்னும் நல்லது.

19-ஆம் தேதி நண்பகலிலிருந்து மேலாளர் குழாய்களைத் திறந்துவிட்டுக் குளோரினை ஏற்றிப் போட ஆரம்பித்தார். சனிக்கிழமை திரும்ப விசாரித்தபோது குளோரின் இருந்தது உண்மைதான். ஆனால் 20-ஆம் தேதி இருக்கும் குளோரின் 12-ஆம் தேதித் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. நோய்ப்பரவல் விசாரணையில் அடிக்கடி சறுக்கும் இடம் இது. படுத்தவர்கள் குடித்தது போன வாரத் தண்ணீர். அளந்து பார்ப்பது இன்றைய தண்ணீரை.

அதே சனிக்கிழமை குடிநீர் ஊழியர் ஒருவர் பெயர் சொல்லாமல் அமைச்சகத்தின் அவசர எண்ணுக்கு அழைத்து, மாதிரிகள் கெட்டிருக்கின்றன என்றார். அமைச்சகம் மேலாளரையே கூப்பிட்டு விசாரித்தது. அந்தச் செய்தி சுகாதாரப் பிரிவின் மேசைக்கு வந்து சேரவில்லை.

பட்டியலும் வரைபடமும்

மல மாதிரியில் ஓ157-ஐத் தேடச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். சார்பிட்டால் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் சாதாரண ஈ.கோலை இளஞ்சிவப்பாகவும் ஓ157 நிறமற்றும் தெரியும். அதற்கு ஒரு நாள், உறுதிப்படுத்த இன்னொரு நாள். சனிக்கிழமை ஒரு குழந்தையின் முடிவு 'இருக்கலாம்' என்று வந்தது, ஞாயிற்றுக்கிழமை உறுதியானது.

இந்த இடைவெளியில் அலுவலகம் செய்யவேண்டியது நோயாளிப் பட்டியல். வயது, முகவரி, அறிகுறி தொடங்கிய நாளும் வேளையும், ரத்தம் உண்டா, மாதிரி கொடுத்த தேதி, ஒரு வாரத்தில் எங்கே சாப்பிட்டார், எந்தத் தண்ணீர் குடித்தார், மாட்டுத் தொழுவம் போனாரா, நீச்சல் குளம் உண்டா. 'தொடங்கிய நாள்' கட்டத்தில் மருத்துவரிடம் போன நாளை எழுதிவிடுவது வழக்கமான பிழை. வரைபடம் அதனால் இரண்டு மூன்று நாள் வலப்பக்கம் நகர்ந்துவிடும்.

நாள்வாரியாக நோயாளிகளை அடுக்கி, ஓ157-க்கு வழக்கமான மூன்று நான்கு நாள் அடைகாலத்தை (கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி வரும் வரையான காலம்) பின்னோக்கிக் கழித்தால், கிருமி உள்ளே போன நாட்கள் கிடைக்கும். வாக்கர்டனில் அது பெருமழையை ஒட்டிய நாட்களைக் காட்டியது. முகவரிகளை ஊர்ப் படத்தில் புள்ளியிட்டால் இன்னும் தெளிவு. ஒரு விருந்தோ ஒரு கடையோ காரணமென்றால் புள்ளிகள் சில வீடுகளில் குவியும், வயதிலும் ஒரு சாயல் இருக்கும். இங்கே குழாய் போகும் இடமெல்லாம் புள்ளி, கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லா வயதும். வெளியூரில் படுத்தவர்களைக் கேட்டால் அவர்களும் வாக்கர்டன் வந்து போனவர்கள். மே 14 அங்கே அன்னையர் தினம், ஊருக்கு வந்தவர்கள் பலர்.

மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியது: வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கூடாது, ஓ157 என்ற சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்க்கவும், ரத்தத் தட்டணுவையும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டே இருக்கவும். எச்.யூ.எஸ். பெரும்பாலும் வயிற்றுப்போக்கு தொடங்கி ஒரு வாரம் கழித்து, தேறிவிட்டார்கள் என்று வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில்தான் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களும் முதியவர்களும் முதலில் விழுவார்கள்.

மே 21, ஞாயிறு, பிற்பகல் 1:30

கையில் ஒரு கெட்ட தண்ணீர் முடிவுகூட இல்லாமல், குடிநீர் மேலாளரின் உறுதிமொழிக்கு எதிராக, சுகாதாரப் பிரிவு காய்ச்சிக் குடிக்கும் அறிவிப்பை வெளியிட்டது. இந்த நிகழ்வில் பாராட்டிச் சொல்ல வேண்டிய முடிவு இதுதான். தண்ணீர்ச் சோதனைக்குக் காத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் போயிருக்கும். பிரிவே அன்று பிடித்த 20 மாதிரிகளின் முடிவு 23-ஆம் தேதிதான் வந்தது. அவ்வளவு குளோரின் ஏற்றிய பிறகும் இரண்டில் ஈ.கோலை இருந்தது. அன்றுதான் மேலாளர் 17-ஆம் தேதித் தொலைநகலை ஒப்புக்கொண்டார். முதல் மரணம் 22-ஆம் தேதியே நிகழ்ந்துவிட்டது.

அறிவிப்பின் உள்ளடக்கம் சரி, போய்ச் சேர்ந்த விதம் போதாது. மறுநாள் திங்கள் விக்டோரியா தினம், நீண்ட விடுமுறை. செய்தி உள்ளூர் வானொலியில் போனது. தொலைக்காட்சியில் போகவில்லை, வீடு வீடாகத் துண்டறிக்கை இல்லை. ஊரில் சுமார் பாதிப்பேருக்குத்தான் அன்று தெரிந்தது. மீதிப் பாதி அன்றிரவும் குழாயைத் திறந்து குடித்தது. தாங்களாகவே சந்தேகப்பட்டு முன்பே பாட்டில் தண்ணீருக்கு மாறியிருந்த சிலர் தப்பித்தார்கள். மேலாளர் 19-ஆம் தேதி உண்மையைச் சொல்லி அன்றே அறிவிப்பு வந்திருந்தால் 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று ஆணையம் மதிப்பிட்டது. உயிரிழப்பு குறைந்திருக்க வாய்ப்பு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

இப்படிப்பட்ட அறிவிப்புக்கு வாரியத்தில் முன்பே அச்சிட்ட தாள் இருக்க வேண்டும், தேதியும் தெருக்களும் மட்டும் காலியாக. கொதி வந்தபின் ஒரு நிமிடம் முழுக்கக் கொதிக்க வேண்டும் என்று எழுத வேண்டும். பல் துலக்க, பழம் கழுவ, குழந்தைப் பால் கரைக்க, ஐஸ் கட்டிக்கு எல்லாம் அதே தண்ணீர் என்றும் எழுத வேண்டும், ஏனென்றால் 'குடிக்காதீர்கள்' என்றால் மக்கள் தம்ளரை மட்டுமே நினைப்பார்கள். காய்ச்ச முடியாதவர்களுக்கு: மணமில்லாத வீட்டு பிளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரம் வைத்துக் குடிக்கவும். முதியோர் இல்லம், டயாலிசிஸ் பிரிவு, குழந்தைகள் காப்பகம், பல் மருத்துவர், ஐஸ் இயந்திரமும் காபி இயந்திரமும் வைத்திருக்கும் கடைகள்: இவர்களுக்கு வானொலி போதாது, ஆள் பேச வேண்டும். தெருவில் ஒலிபெருக்கி வண்டி போக வேண்டும். விடுமுறை நாளில் யார் வண்டி ஓட்டுவது, சாவி யாரிடம் என்பதுவரை முன்பே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடுவதிலேயே மாலை ஆகிவிடும்.

கோப்பில் போன அறிக்கை

மே 2000-க்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1998-இல் அமைச்சகம் வாக்கர்டன் குடிநீரை ஆய்வு செய்தது. தண்ணீரில் ஈ.கோலை திரும்பத் திரும்ப வந்திருப்பதும், எஞ்சிய குளோரின் 0.5-க்குக் கீழே இருப்பதும் அந்த அறிக்கையில் இருந்தன. நகல் சுகாதாரப் பிரிவின் வாக்கர்டன் அலுவலகத்துக்கும் வந்தது. ஆய்வாளர் படித்தார், கோப்பில் வைத்தார். அமைச்சகம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார். இப்படி அறிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் நடைமுறை எதுவும் இல்லாததால், அவரிடம் எதிர்பார்த்ததை அவர் செய்தார் என்றே ஆணையம் கருதியது. தொண்ணூறுகளின் நடுவில் வந்த கெட்ட மாதிரி அறிக்கைகளின் மேல் பிரிவு இன்னும் முனைப்பாக இருந்திருக்கலாம் என்பதையும் பதிவு செய்தது.

அமைச்சகத்தின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். தானே கண்டுபிடித்த குறையைச் சரிசெய்தார்களா என்று பார்க்க அது திரும்ப வரவில்லை. நிதிக் குறைப்பால் ஆட்களும் குறைந்திருந்தார்கள். ஆக, மூன்று அலுவலகங்களில் ஒரே அறிக்கையின் மூன்று நகல்கள், மூன்றும் அலமாரியில்.

எங்கள் யோசனை சாதாரணமானது. வெளியிலிருந்து வரும் எந்த அறிக்கையையும் கோப்பில் வைக்குமுன் அதன் மேல் மூன்று விஷயம் எழுத வேண்டும்: யாரிடம் பேசினோம், அவர் எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார், நாம் திரும்பக் கேட்கும் தேதி. மூன்றாவது தேதி நாட்காட்டியில் ஏறாமல் தாள் கோப்புக்குள் போகக் கூடாது.

பிறகு நடந்தவை

பிரதான குழாய்களில் ஒரு பகுதியை மாற்றி, வீடுவீடாகக் குழாய்களைக் கிருமிநீக்கம் செய்து, 2000 டிசம்பர் 5-இல்தான் காய்ச்சும் அறிவிப்பை விலக்கினார்கள். ஆறு மாதத்துக்கும் மேலாக ஊர் குழாயை நம்பாமல் இருந்தது. தினசரித் தாளைத் திருத்தி எழுதி அமைச்சகத்துக்குக் கொடுத்ததும் விசாரணையில் வெளிவந்தது. சகோதரர்கள் இருவரும் 2004-இல் பொதுத் தொல்லை விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மேலாளருக்கு ஓராண்டுச் சிறை, ஃபோர்மேனுக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல்.

ஆணையத்தின் இரண்டு பகுதிகளிலும் சேர்த்து 121 பரிந்துரைகள். 2000 ஆகஸ்டிலேயே மாகாணம் வழிகாட்டுதலைக் கட்டாய விதியாக்கியது. 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது, 2006-இல் நீராதாரங்களைக் காக்கும் சட்டம்.

அன்றாட வேலையில் பெரிய மாற்றம் தொலைபேசியில்தான். இப்போது ஒன்டாரியோவில் குடிநீர் மாதிரி கெட்டால் ஆய்வகம் குடிநீர் நிலையத்துக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. மருத்துவ அதிகாரிக்கும் அமைச்சகத்துக்கும் உடனே வாய்மொழியாக, ஓர் ஆளிடம் பேசிச் சொல்ல வேண்டும். எழுத்துத் தகவல் 24 மணி நேரத்துக்குள் தொடர வேண்டும். நிலையமும் தனியாக அதே அழைப்பைச் செய்ய வேண்டும். மறுமாதிரி ஒன்று போதாது: கெட்ட இடத்தில் ஒன்று, அதற்கு மேல்புறக் குழாயில் ஒன்று, கீழ்ப்புறத்தில் ஒன்று. இரண்டு அழைப்பில் ஒன்று மட்டும் வந்தால், வராத மற்றதைத் தேடிப் பிடித்துக் கேட்பது இப்போது சுகாதாரப் பிரிவில் அன்று பணியில் இருப்பவரின் வேலை.